மீசை வைத்த மைனரும் இரும்புக் கேஜும்

உங்கள் விமானப் பணிக் கையேட்டில் தனியாகப் பறக்கும் குழந்தைகளைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அடுத்த பகுதி செல்லப் பிராணிகளைப் பற்றியது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு விதி வரும்: "துணையின்றி வரும் மைனருடன் பிராணி ஒன்றும் வந்தால், மைனரைக் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்ட பிறகே, பெற்றுக்கொண்டவரிடமே, பிராணியை ஒப்படைக்க வேண்டும்." நீங்கள் எல்லோரும் இதை நெட்டுருப் போட்டுத்தான் பரீட்சை எழுதியிருப்பீர்கள்.

சமீபத்தில் என்னைப் பயிற்சி வகுப்புக்குப் பேச அழைத்தபோது ஒரு பெண் எழுந்து, "மேடம், பிள்ளையை விட்டுட்டு நாயை மட்டும் யாராவது தூக்கிட்டுப் போவாங்களா? இப்படி ஒரு விதி எதுக்கு?" என்று கேட்டாள். உங்கள் பயிற்சியாளர் முந்திக்கொண்டு, சர்வதேசத் தரம், பிராணிகள் நலம், பல வருட ஆராய்ச்சி என்று அடுக்கி அவளை உட்கார வைத்துவிட்டார். நான் அவர் முகத்துக்காகப் பேசாமல் இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு வயிறு குலுங்கச் சிரித்தேன். சர்வதேசத்துக்கும் அந்த விதிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில், ஒரு காதில் டெலிபோனும் மறு காதில் மேனேஜரின் புலம்பலுமாக நின்றபடி அதைப் போட்டவள் நான். கேட்ட பெண்ணுக்குப் பதில் கடன்பட்டிருக்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. யார் வேண்டுமானாலும் விமானக் கம்பெனி தொடங்கலாம் என்று சர்க்கார் சொல்லியிருந்தது. யார் யாரோ தொடங்கினார்கள். நம் கம்பெனியின் பம்பாய்த் தலைமையகத்தில் ஒருவர் வரைபடத்தில் தங்கவயல் என்ற பெயரைப் பார்த்துச் சொக்கிப்போய், அங்கே ஒரு டிக்கெட் ஆபீஸ் திறக்கச் சொல்லிவிட்டார். தங்கம் வெட்டுகிற ஊரில் ஆளுக்கொரு கட்டித் தங்கத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. சுரங்கம் இன்று மூடுவார்கள், நாளை மூடுவார்கள் என்று ஊரே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் ஊர்க்காரர்கள் பூமிக்குள் எவ்வளவு ஆழத்துக்கும் இறங்குவார்கள். மேலே போவதென்றால் அவர்களுக்கு மாடிப்படிதான்.

ஆபீஸில் நாங்கள் இரண்டே பேர். நான் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கப் பகுதிப் பெண். ஊர்ப் பாஷை தெரிந்தவள் என்பதால் எடுத்தார்கள். மேனேஜர் பெங்களூர்க்காரர். தினமும் டை கட்டிக்கொண்டு ரயிலில் வந்து, ஜோலார்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்து அவரிடம் டிக்கெட்டை நீட்ட, அந்தக் கோபத்தோடு ஆபீஸுக்குள் நுழைவார். "இல்லை என்ற சொல்லே நம் கம்பெனியில் கிடையாது" என்பது அவருடைய மந்திரம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை சொல்லுவார். எங்களிடம் யாரும் எதுவும் கேட்க வராததால் அதைக் காப்பாற்றுவது சுலபமாகவே இருந்தது.

பிறகு பம்பாயிலிருந்து சுவரொட்டி வந்தது. தனியாகப் பறக்கும் குழந்தைகளைப் பிடியுங்கள் என்று உத்தரவு. மேனேஜர் அதைத் தன் சொந்த முயற்சியில் தமிழாக்கி, அச்சடித்து, நந்திதுர்க் சுரங்கம் முதல் ஸ்கெலட்டன் குடியிருப்பு வரை ஒட்டச் செய்தார். என்னிடம் ஒரு வார்த்தை காட்டவில்லை. அதில் இப்படி இருந்தது: "தனியே பயணம் செய்யும் மைனரா? கவலை விடுங்கள்! எங்கள் பணிப்பெண் கையைப் பிடித்து அழைத்துச் சென்று உரியவரிடம் ஒப்படைப்பார். உங்கள் செல்லப் பிராணியும் கேஜில் பத்திரமாக வரும்."

உங்களுக்கு மைனர் என்றால் வயது வராத பிள்ளை. உங்கள் தாத்தாக்களுக்கு ஜிப்பா போட்டு, கழுத்தில் செயின் தொங்கவிட்ட ஊர்சுற்றி. எங்கள் ஊரில் மைனர் என்றால் சுரங்கத்தில் இறங்கிக் கல்லை உடைக்கிறவர். கேஜ் என்றால் அவரைப் பூமிக்குள் இறக்கி, ஷிப்டு முடிந்ததும் மேலே ஏற்றுகிற இரும்புக் கூண்டு. இப்போது சுவரொட்டியை மறுபடி படித்துப் பாருங்கள்.

மறுநாள் ஷட்டரைத் தூக்கியபோது வாசலில் கூட்டம். எல்லாம் வேட்டி கட்டிய, மீசை நரைத்த மைனர்கள்.

"இன்னாம்மா, ரிடையர்டு மைனருக்கும் உண்டா?" என்றார் முதலில் நின்றவர்.

"எம் பொண்டாட்டியே கையப் புடிக்க மாட்றா. நீங்க புடிச்சி இட்னு போவீங்களா?" என்றார் இன்னொருவர்.

பின்னாலிருந்து ஒரு சண்டைக்காரர், "அண்டர்கிரவுண்டு ஆளுக்கு மட்டும் சலுகை. மேல மில்லுல கல்லு அரச்சவன் இன்னா பாவம் பண்ணான்? யூனியன்ல சொல்லட்டுமா?" என்று கத்தினார்.

மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். "என்ன மேடம் கேக்கறாங்க?" என்றார். அவருக்கும் தமிழ் தெரியும். அன்று அவருக்கு மறந்துபோய்விட்டது. நான் ஒவ்வொருவரிடமும் அது குழந்தைகளுக்கு என்று சொல்லிச் சொல்லி அனுப்பினேன். சிலர் சிரித்தார்கள். சிலர், தங்கள் வேலையின் பெயரை யாரோ சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டதாக வருத்தப்பட்டார்கள். பார்க்கப்போனால் அதுவும் நியாயம்தான்.

கூட்டம் கலைந்த பிறகும் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு கிழட்டு நாய். ஸ்கெலட்டன்காரர், பெயர் ஏழுமலை. நந்திதுர்க் சுரங்கத்தின் ஷாப்டுக் கிணற்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"பெரியவரே, அது பசங்களுக்கு" என்றேன்.

"கேட்டேம்மா. காது நல்லாதான் கீது. நானும் தனியாதான் போவணும். டெல்லிக்கு. எனக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. யாராவது கையப் புடிச்சி இட்னு போயி, எம் பொண்ணு கையில குடுத்தாதான் உண்டு."

வயதானவர்களுக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது, வீல்சேரில் அழைத்துப் போவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "சாவும்போது தூக்கினு போங்க. இப்ப நடக்கறேன்" என்றார்.

அப்புறம் கதை மெதுவாக வெளியே வந்தது. ஒரே மகள், செல்வி. எங்கள் ஊர் எஞ்சினியரிங் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு வந்த வடக்கத்திப் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு டெல்லிக்குப் போனாள். ரயிலேறும்போது ஏழுமலை அவளிடம், "இனிமே என்ன நைனான்னு கூப்டாத" என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"கோவத்துல சொன்னேம்மா. அந்தக் கழுத அப்டியே புடிச்சிக்கினா. அவ அம்மா சாவுக்கு வந்தா. 'வாங்க', 'சாப்டுங்க', 'படுங்க'ன்னா. யாரோ விருந்தாளிய கூப்டற மாரி. நைனான்னு வாயத் தொறக்கல. போனவ அதோட சரி."

"நீங்க வர்றீங்கன்னு போன் பண்ணிச் சொல்லுங்களேன்."

"நான்னு சொன்னா ஊர்ல இல்லன்னுடுவா. நாய்ன்னு சொல்லு, ஓடி வருவா. இது அவ வளத்த நாயி. அவ போனப்ப குட்டி." நாயின் முதுகைத் தடவினார். அதன் பெயர் சைரன். ஷிப்டு சங்கு ஊதும்போதெல்லாம் கூடவே ஊளையிடுமாம். "இத்தையும் இட்னு போறேன். இதுக்கும் வயசாய்டுச்சி, எனக்கும் வயசாய்டுச்சி. இந்த ஒரு வாட்டிதான் எனக்கு தைரியம் வந்திருக்கு. திரும்பி வந்தேன்னா இன்னொரு வாட்டி வராது."

நான் மேனேஜரைப் பார்த்தேன். மேனேஜர் சுவரில் தொங்கிய டார்கெட் அட்டையைப் பார்த்தார். இல்லை என்ற சொல்லே நம் கம்பெனியில் கிடையாது. நான் கம்ப்யூட்டரில் 'துணையின்றி வரும் மைனர்' என்ற இடத்தில் ஏழுமலையின் பெயரைத் தட்டினேன். அது வயதைக் கேட்டது. அறுபத்தொன்று என்றேன். ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டு, பிள்ளைக்குப் பால் வேண்டுமா, பழச்சாறு வேண்டுமா என்று கேட்டது. தெரியாமல் செய்த தவறு என்று பிறகு மேனேஜர் விளக்கம் எழுதினார். தெரிந்தேதான் செய்தேன் பிள்ளைகளே.

விதிப்படி பெற்றுக்கொள்பவரின் பெயரைச் சொல்ல வேண்டும். செல்வி என்று போட்டேன். அவள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் மைனரை அதே விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதையும் அவருக்குச் சொன்னேன். "அனுப்பட்டும்" என்றார். ஆனால் கை நாயின் காதை விடவில்லை.

செல்விக்கு நானே போன் செய்தேன். சைரன் வருகிறது என்றேன். "சைரனா? உசுரோட கீதா?" என்றாள். அந்த ஒரு கேள்வியில் டெல்லி போய் ஸ்கெலட்டன் வந்துவிட்டது. யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டாள். உங்கள் வீட்டிலிருந்து என்றேன். "நாய வந்து வாங்கிக்கறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

இனி கேஜுக்கு வருவோம். நாய்க்கு உறுதியான கேஜ் வேண்டும், உள்ளே நிற்கவும் திரும்பவும் இடம் இருக்க வேண்டும் என்று மேனேஜர் ஏழுமலையிடம் விளக்கினார். "எனக்கே கேஜப் பத்தி சொல்றியா சாமி?" என்று பெரியவர் சிரித்தார். தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிச் செய்துகொண்டு வந்தார். நாலு பக்கமும் ஆங்கிள் இரும்பு, மடக்கி இழுக்கிற கிராதிக் கதவு, தலையில் கம்பிவடம் மாட்ட ஒரு கொக்கி, உள்ளேயிருந்து இழுத்தால் அடிக்க ஒரு மணி. நந்திதுர்க் ஷாப்டில் ஓடிய கேஜை அப்படியே குட்டியாக்கியது போல் இருந்தது. சைரன் அதற்குள் மேஸ்திரி மாதிரி நின்றது.

"கொக்கி எதுக்கு?" என்றார் மேனேஜர்.

"கொக்கி இல்லாம எப்டி மேல போவும்?" என்றார் ஏழுமலை. மேனேஜர் கையேட்டைப் புரட்டத் தொடங்கினார்.

புறப்படும் நாளில் மேனேஜரே ஜீப் வைத்து இருவரையும் பெங்களூர் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார். தங்கவயலின் முதல் மைனர் என்று கம்பெனிப் பத்திரிகையில் படம் போட, அங்கிருந்த போட்டோகிராபரிடம் முன்பே சொல்லியிருந்தார். மைனரின் வயதைச் சொல்லத்தான் மறந்துவிட்டார். அந்தப் படம் இன்றும் எங்கோ இருக்கும்: ஒரு பக்கம் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் பணிப்பெண், மறுபக்கம் பலூன், நடுவில் கழுத்தில் மைனர் அட்டை தொங்க, வெள்ளை மீசையோடு, கோயிலில் நிற்பது போல் கைகட்டிய ஏழுமலை.

கேஜைத் தூக்க முடியவில்லை. பயணியின் சாமானாக ஏற்ற முடியாது, சரக்காகத்தான் போகும் என்று பெங்களூரில் சொல்லிவிட்டார்கள். மேனேஜரும் தலையாட்டிவிட்டார். நாய் அதே விமானத்தில்தானே போகிறது, எந்தக் கதவு வழியாக வந்தால் என்ன என்று நினைத்தார். ஊருக்குத் திரும்பி வந்து, பெரிய காரியம் முடித்தவர் போல் டையைத் தளர்த்திக்கொண்டு என்னிடம் இதைச் சொன்னபோது நான் டெலிபோனுக்குத் தாவினேன். டெல்லியில் சரக்கு வாங்குகிற இடம் வேறு, பயணிகள் வெளியே வருகிற இடம் வேறு. செல்வி நாயைத் தேடித்தான் வருவாள். ஏழுமலை ஒரு வாசலில் நிற்பார், அவள் வேறொரு வாசலில் நாயை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

நான் டெல்லிக்கு நம்பரைச் சுழற்றுவதற்குள் டெல்லியே கூப்பிட்டது. நம் கவுன்டர்ப் பெண். சின்னக் குரல், புதிதாகச் சேர்ந்தவள். தமிழ் தெரியாதவள், இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டோம்.

"மேடம், உங்க மைனர் வந்துட்டார். அவருக்கு மீசை இருக்கு."

"தெரியும்."

"தலை நரைச்சிருக்கு மேடம்."

"அதுவும் தெரியும். என்ன செய்யறார்?"

"படம் வரையற புக் குடுத்தோம். கையில வெச்சிக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டிருக்கார். கூட்டிப்போக யாரும் வரல. விமானம் திரும்பப் புறப்படப் போகுது. மைனரைத் திருப்பி ஏத்தணும்னு கேப்டன் அவசரப்படுத்தறார்."

"நாய் எங்கே?"

"சரக்குப் பக்கம். அங்க ஒரு அம்மா, நாயைக் குடுங்கன்னு சண்டை போடறாங்களாம்."

மேனேஜர் என் பக்கத்தில் நின்று விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். "மைனர்ங்கறதே தப்பான என்ட்ரின்னு சொல்லிடுங்க மேடம். அடல்ட். கதவைத் திறந்து வெளியே விட்டுடச் சொல்லுங்க. அப்புறம் நம்ம பொறுப்பு இல்ல" என்றார். புத்திசாலித்தனமான யோசனை. உங்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்வீர்கள், அதற்காக யாரும் உங்களைத் திட்டவும் முடியாது. டெல்லியில் பாஷை தெரியாத ஒரு மனிதர் வெயிலில் நிற்பார், மகள் நாயோடு போயிருப்பாள், நம் கணக்கு மட்டும் சுத்தமாக இருக்கும். திருப்பி ஏற்றினாலோ அவர் ஸ்கெலட்டனுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வார். தைரியம் ஒரு வாட்டிதான் என்று சொல்லியிருந்தாரே.

அப்பா வந்திருக்கிறார் என்று செல்வியிடம் சொல்லச் சொல்லலாமா என்றும் நினைத்தேன். அவள் நாயைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால்? வாயால் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் நிற்கிற பெண். நேரில் பார்த்தால்தான் ஏதாவது நடக்கும். நேரில் பார்க்க வைக்க என் கையில் இருந்தது ஒரு நாய் மட்டும்.

"நாயை விடாதே" என்றேன்.

"மேடம்?"

"மைனரோட வந்த நாய் அது. மைனரைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறவங்ககிட்டதான் நாயைக் குடுக்கணும். அந்த அம்மாவை மைனர்கிட்ட கூட்டிட்டு வா. முதல்ல மைனர், அப்புறம் நாய்."

"அப்படி ஒரு ரூல் நான் படிக்கலையே மேடம்."

"இன்னிக்குத்தான் வந்துது."

"நம்பர் கேப்பாங்களே?"

மேனேஜரின் டையில் கம்பெனியின் பழைய டெலிபோன் நம்பர் இருந்தது. அதன் கடைசி இலக்கங்களைப் படித்தேன். அவள் எழுதிக்கொண்டாள். மேனேஜர் டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தனக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது போல் கடைத்தெருவைப் பார்க்கத் தொடங்கினார். சில மாதங்கள் கழித்து இதையே புதிய பாதுகாப்பு நடைமுறை என்று பம்பாய்க்கு எழுதிப் பாராட்டு வாங்கியவரும் அவர்தான். அதனால்தான் அது உங்கள் கையேட்டில் இருக்கிறது. கம்பெனி கைமாறியது, சுரங்கத்தை மூடினார்கள், எங்கள் ஆபீஸில் செருப்புக்கடை வந்தது. விதி மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரு விதி யாருக்காகப் பிறந்தது என்று தெரிந்தால்தான் எப்போது அதைப் பிடித்துத் தொங்கலாம், எப்போது விடலாம் என்று தெரியும். பயிற்சி வகுப்பில் அந்தப் பெண் கேட்டது நல்ல கேள்வி. இனி யார் அதட்டினாலும் உட்கார்ந்துவிடாதே பெண்ணே.

டெல்லிப் பெண் டெலிபோனை வைக்காமல் மேஜையில் கிடத்திவிட்டுப் போனாள். எனக்கு அந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் கேட்டது: அறிவிப்பு, வண்டிச் சக்கரங்கள், யாரோ இருமுவது. கேப்டன் அவசரப்படுகிறார் என்று ஒரு ஆண் குரல் ஹிந்தியில் கத்தியது. அவ்வளவு பயந்ததில்லை நான். விமானக் கம்பெனியில் வேலை போய்விடும் என்று பயப்படவில்லை. அவள் வந்து பார்த்துவிட்டு, "வாங்க" என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் பயந்தேன்.

பிறகு தூரத்தில் ஒரு பெண் குரல் உயர்ந்தது. சொற்கள் பிடிபடவில்லை. சண்டை போடுகிற குரல். டெல்லிப் பெண் மூச்சு வாங்க ஓடிவந்து ரிசீவரை எடுத்தாள்.

"மேடம், அந்த அம்மா வந்துட்டாங்க. கையெழுத்து இன்னும் போடல. அவரைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாங்க. இப்போ பயங்கரமாத் திட்டறாங்க. தோள்ல அடிக்கறாங்க மேடம். செக்யூரிட்டியைக் கூப்பிடவா?"

"பெரியவர் என்ன பண்றார்?"

"சும்மா நின்னு அடி வாங்கிக்கறார்."

"என்ன சொல்லித் திட்டறாங்க? காதுல விழுறதை அப்படியே சொல்லு."

"எனக்கு உங்க பாஷை தெரியாதே மேடம். இன்னா, இன்னாங்கறாங்க. வேற என்னமோ... திரும்பத் திரும்ப ஒரே வார்த்தை. அது ஹிந்தி மாதிரி இருக்கு. நைனா, நைனாங்கறாங்க. ஹிந்தியில அப்படின்னா கண்ணு. பெரியவருக்குக் கண்ணுல ஏதாவது கோளாறா மேடம்? ரெண்டு பேர் கண்ணுலயும் தண்ணியாக் கொட்டுது. டாக்டரைக் கூப்பிடவா?"

மேனேஜர் திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன, என்ன என்று கையாட்டினார்.

"டாக்டர் வேண்டாம்மா" என்றேன். "கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கலாம். மைனரை ஒப்படைச்சாச்சு. நாயை விடு."